காயலான் கடைக்குப் போன டியூக்

நீராவி இன்ஜின் என்று பேச்செடுத்தாலே நம் பசங்க, "அதெல்லாம் மியூசியம் சமாச்சாரம்டா, பெயிண்ட் அடிச்சு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்திட்டாப் போச்சு" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் ஓர் இன்ஜினுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நண்பர்களே.

நம்பர் 71000. பெயர் 'டியூக் ஆஃப் குளோஸ்டர்'. 1952-ல் 112 உயிர்களைப் பலிகொண்ட ஹாரோ ரயில் விபத்தில் நொறுங்கிய ஓர் இன்ஜினுக்குப் பதிலாக, 1954-ல் குரூ தொழிற்சாலையில் கட்டினார்கள். மூன்று சிலிண்டர், கப்ரோட்டி வால்வு கியர். காகிதத்தில் பிரமாதம்! ஓட்டத்திலோ கரியை விழுங்கியது, நீராவி போதவில்லை. இந்த ரகத்தில் வேறொன்று கட்டவே இல்லை. எட்டே வருஷம், 1962-ல் ஓரங்கட்டிவிட்டார்கள்.

கடைசியில் வேல்ஸ் நாட்டில் பாரி என்ற ஊர்க் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தது. வெளிச் சிலிண்டர் இரண்டும் கிடையாது. ஒன்று லண்டன் அறிவியல் மியூசியத்துக்குப் போயிருந்தது. 1974-ல் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கூட்டை விலைக்கு வாங்கினார்கள். புதுச் சிலிண்டர் வார்த்து, இல்லாத பாகங்களைச் செய்து, வேலை முடிய 1986 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம்! நமக்கு ஒரு ஃபிட்டிங் ஜாபை மூன்று மணி நேரம் ராவினாலே தோள் கழன்றுவிடுகிறது.

விஷயம் இனிமேல்தான். பழைய டிராயிங்கை வைத்து இரும்பை அளந்தபோது, நெருப்புக்குக் காற்று விடும் டேம்பர் கதவுகள் டிராயிங்கில் உள்ளதைவிட மிகச் சிறிதாக இருந்தன. புகைபோக்கியும் அந்தப் பெரிய உடம்புக்குப் போதாது. காற்றே போகாவிட்டால் கரி எப்படி முழுசாக எரியும்? இரண்டையும் சரிசெய்தார்கள். புதிதாக இருந்தபோது இழுக்காத இழுவையை அதன்பின் இழுத்தது. இத்தனை காலமும் பழி டிசைன் மேல். டேம்பர் விஷயத்தில் டிசைன் போட்டவர் என்ன செய்வார் பாவம்?

பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸிலும் 1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 இன்ஜினுக்கு 2010-ல் உயிர் கொடுத்தார்கள். காட்சிப் பொருளாக நின்ற இன்ஜின்தான் அதுவும்.

ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு ரெடிமேட் மாடலைக் காசு கொடுத்து வாங்கி வருகிறவர்களைக் கேட்கிறேன்: நம் ஒர்க்ஷாப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் லேத்தை ஏன் பிராஜெக்டாக எடுக்கக்கூடாது? கண்டெம்டு என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். ஏலம் விடுவதற்குள் ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்போம். நாலு பேர் சேர்ந்தால் போதும், நான் ரெடி.