உப மின்நிலையம் பொறியியலாளரின் தனிவிடயமா? – நீர்வேலியை முன்வைத்து ஒரு வாதம்

அறிவுத்துறைகளுக்கிடையே நாம் எழுப்பியுள்ள மதில்கள் பல. அவற்றுள் மிக உயர்ந்தது தொழினுட்பத்தையும் சமூகத்தையும் பிரித்து நிற்கும் மதிலே. ஓர் ஊரில் உப மின்நிலையம் அமைப்பதைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் வாய் திறந்தால், "இது பொறியியலாளர் தீர்மானிக்கும் விடயம், உமக்கு இதில் என்ன வேலை?" என்ற வினாவே முதலில் எழுகின்றது. மின்மாற்றியின் கொள்ளளவைக் கணிப்பது பொறியியலாளரின் பணி என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அம்மின்மாற்றி எவருடைய காணியில் நிற்க வேண்டும், எவருடைய கிணற்றுக்கு அருகே நிற்க வேண்டும், எவருடைய தேவையை முன்னிட்டு நிற்க வேண்டும் என்பன ஊரார் அனைவரும் கூடி விடை காணவேண்டிய வினாக்கள். அவற்றை ஒரு காரியாலயத்தின் மூடிய கோப்புக்குள் வைத்துப் பூட்டுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் கோப்பாய்க்கும் சிறுப்பிட்டிக்கும் இடையே அமைந்த நீர்வேலியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். செம்மண்ணும் வாழையும் கிணறுமே இவ்வூரின் செல்வம். இங்கு ஆறு இல்லை. துலா மிதித்து இறைத்த தலைமுறை மறைந்து, மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து, இன்று மின்மோட்டர் வாய்க்காலை நிரப்புகின்றது. ஆகவே இவ்வூரில் மின்சாரம் என்பது விளக்கும் விசிறியும் மாத்திரமன்று. அது வாழைக்குலையின் நிறையைத் தீர்மானிக்கும் வேளாண்மைச் சாதனமுமாகும். 1990 இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் படித்த தலைமுறைக்கு இதன் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2013 இல் கிளிநொச்சி–சுன்னாகம் 132 கிலோவோல்ற்று மின்வழி நிறைவெய்திய பின்னரே குடாநாடு மீண்டும் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது.

இனி, "ஊர் வளர்கின்றது, மின்தேவையும் வளர்கின்றது" என்னும் சூத்திரத்தைச் சற்று ஆராய்வோம். கிளிநொச்சி நீங்கலாக, யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012 இல் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். போரும் புலப்பெயர்வும் ஆட்களைக் குறைத்தன. ஆயினும் மின்தேவை அன்றையதைவிடப் பெருகியே நிற்கின்றது. இதன் பொருள் யாது? இங்கே வளர்வது ஆட்தொகையன்று, வாழ்க்கை முறையே. தோட்டத்து மோட்டர், தச்சுப் பட்டறை, குளிர்பதனப் பெட்டி, திருமண மண்டபம், வெளிநாட்டு உரிமையாளர் ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கும் மாடிவீடு என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு வேளையில் வெவ்வேறு அளவு மின்சாரத்தை வேண்டுவன. மோட்டருக்குக் காலையில் வேண்டும். வீட்டுக்கு மாலையில் வேண்டும். மாடிவீட்டுக்குத் திருவிழாக் காலத்தில் வேண்டும். இவற்றைத் தலைக்கணக்கினால் மாத்திரம் அளக்கவியலாது. ஊரைக் கேட்டே அறியவேண்டும். ஊராரின் அறிவு இன்றித் தேவையைக்கூடச் சரியாகக் கணிக்க முடியாதெனின், அவர்களை ஒதுக்கிய திட்டமிடல் தொழினுட்ப நோக்கிலும் குறைபாடுடையதே.

உப மின்நிலையம் வேண்டாமென நான் வாதிடவில்லை. கிணற்றிலிருந்து நெடுந்தூரம் ஓடும் வாய்க்காலில் கடைசிப் பாத்திக்கு நீர் மெலிந்து சேர்வதுபோல, நெடுந்தூரம் ஓடும் தாழ்வழுத்தக் கம்பியின் கடைசி வீட்டில் வோல்ற்றளவு மெலிகின்றது. விளக்கு மங்குகின்றது, மோட்டர் சூடேறிக் கருகுகின்றது. ஒரே அளவு மின்வலுவை ஒரே கம்பியில் 11 கிலோவோல்ற்றுக்குப் பதிலாக 33 கிலோவோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் மூன்றிலொன்றாகவும், வெப்பமாக வீணாகும் இழப்பு ஒன்பதிலொன்றாகவும் குறையும். எனவே உயர் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கொணர்ந்து, தேவை திரண்டிருக்கும் இடத்துக்கு அருகே தாழ்த்திப் பங்கிடுவதே அறிவுடைமை. அவ்வாறெனின், உப மின்நிலையம் ஊரை விட்டு விலகியிருக்க முடியாது. ஊரை விட்டு விலக முடியாததொன்று ஊரைக் கேளாமல் வரலாமா என்பதே வினா.

இவ்வினாவுக்குச் சுன்னாகம் தந்த விடை கசப்பானது. நீர்வேலியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே, மின்பிறப்பாக்க நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிநீர்க் கிணறுகளை வைத்திருந்தோர் பவுசர் நீருக்குக் காத்துநின்றனர். 2015 இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனப் பணித்தது. தீர்ப்பை வரவேற்போம், ஆனால் கிணறு கெட்ட பின்னரே நீதி வந்தது என்பதை மறவோம்.

"மின்பிறப்பாக்க நிலையம் வேறு, உப மின்நிலையம் வேறு, இங்கே எண்ணெய் எரிக்கப்படுவதில்லை" என்று சிலர் கூறக்கூடும். கூற்று உண்மை, ஆனால் அரையுண்மை. பெரிய மின்மாற்றியொன்று தன்னைக் குளிர்விக்கவும் காவலிடவும் ஆயிரக்கணக்கான லீற்றர் எண்ணெயைத் தன்னுள் கொண்டுள்ளது. அது வெடித்தாலோ கசிந்தாலோ அவ்வெண்ணெய் முழுவதையும் ஏந்திக்கொள்ளும் சீமெந்துத் தொட்டியும், மழைநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் அமைப்பும் அடியில் இருத்தல் வேண்டும். மேலும், பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் பிசிபி எனப்படும் நச்சு இரசாயனம் உண்டு. இலங்கை 2005 இல் ஏற்றுக்கொண்ட ஸ்ரொக்கோம் உடன்படிக்கை அதனைப் பயன்பாட்டிலிருந்து நீக்குவதற்கு 2025 ஆம் ஆண்டையே எல்லையாகக் குறித்தது. எனவே புதிய நிலையத்துக்கு வேறிடத்துப் பழைய மின்மாற்றி கொண்டுவரப்படுமாயின், அதன் எண்ணெயைச் சோதித்த பத்திரத்தைக் கேட்பது ஊராரின் உரிமை.

குடாநாட்டின் நிலவமைப்பை அறிந்தோர்க்கு இந்த அச்சத்தின் நியாயம் விளங்கும். வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் நாம் வாழ்கின்றோம். மழைநீர் அக்கல்லினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. அதுவே நமது குடிநீர். அதுவே நமது பாசனநீர். "செம்மண் தோட்டத்தைத் தொடவேண்டாம், கலட்டியில் கட்டுங்கள்" என்பது கேட்பதற்கு இனிய தீர்வு. ஆனால் மேல்மண் மெலிந்த கலட்டியிலேதான் சிந்திய எண்ணெய் தடையின்றி நீரைச் சென்றடையும். செம்மண்ணில் கட்டினால் விளைநிலம் போகின்றது. கலட்டியில் கட்டினால் நீர் ஆபத்துக்குள்ளாகின்றது. நிலையத்தின் பரப்பளவைக் குறைக்க வாயுக்காவலிட்ட சாதனங்கள் உண்டு. அவை விலை கூடியவை, அவற்றுள் அடைக்கப்படும் வாயுவோ புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. நட்டமில்லாத தெரிவு எதுவுமில்லை. எந்த நட்டத்தை ஏற்பது என்பதை, அதனைச் சுமக்கப் போகின்றவர்களே சொல்லவேண்டும்.

காணி என்ற சொல் இம்மண்ணில் எழுப்பும் நினைவுகளையும் திட்டமிடுவோர் அறியவேண்டும். 2013 ஏப்ரலில் வலிகாமத்தில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காகச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. அதைக் கண்ட மக்கள், மரத்தில் ஒட்டிய எந்த அரச அறிவித்தலையும் ஐயத்தோடே நோக்குவர். எட்டுப் பரப்புத் தோட்டத்தை நம்பி வாழும் கமக்காரனுக்கு அதில் நான்கு பரப்புப் போவது பாதி வாழ்வு போவதாகும். அவனிடம் "பொதுநலம்" என்று உபதேசிப்பதற்கு முன், அரச காணி எது, கைவிடப்பட்ட காணி எது, உரிமையாளர் விரும்பி விற்கும் காணி எது என்ற பட்டியலை ஊரின் முன் வைக்க வேண்டாமா?

சட்டம் காக்கும் எனின், சட்டத்தின் வேலியிலும் பொட்டு உண்டு. 1993 இல் விதிக்கப்பட்ட சுற்றாடல் மதிப்பீட்டுப் பட்டியலில், 50 கிலோவோல்ற்றுக்கு மேற்பட்டதும் 10 கிலோமீற்றருக்கு மேல் நீண்டதுமான மேல்நிலை மின்வழிகள் அடங்கும். 33 கிலோவோல்ற்றை 11 ஆகத் தாழ்த்தும் ஊர் உப மின்நிலையம் அந்த அளவுகோலுக்கு எட்டாத சிறியது. ஆனால் கிணறு கெடுவதற்குப் பெரிய நிலையம் தேவையில்லை.

ஊரார்பாலும் குறையுண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. "மின்சாரம் வேண்டும், ஆனால் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் வேண்டாம்" என்பது நம்மவர் பலரின் நிலைப்பாடு. செல்வாக்குள்ளவன் ஒரு தொலைபேசி அழைப்பில் நிலையத்தைத் தன் மதிலருகிலிருந்து விலக்குவான். அது செல்வாக்கற்றவனின் குடிசையருகே போய் நிற்கும். சாதியும் சொத்தும் கிணற்றுக் கட்டிலே நின்ற சமூகத்தில், மின்மாற்றி எங்கே நிற்கும் என்பதையும் அவையே தீர்மானிக்கும் ஆபத்து உண்டு. பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் காரணங்களோடு இடந்தெரிதல் வேண்டுமென நான் வற்புறுத்துவது அதிகாரிகளுக்கு எதிராக மட்டுமன்று, நமக்கு எதிராகவுமே.

"மக்களைக் கேட்டால் காலம் போகும்; வேலை நடவாது" என்பது இறுதி மறுப்பு. கேளாமல் செய்த வேலைகளுக்கு ஆகும் காலத்தை எவரும் கணக்கிடுவதில்லை. சுன்னாகத்து வழக்கு நான்கு ஆண்டுகள் நீடித்தது. அவசரத்தினால் பாதுகாப்பும் பிறப்பதில்லை. 2020 ஓகஸ்ட் 17 இல் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் குரங்கொன்று தொடக்கக் காரணமெனக் கூறப்பட்ட கோளாறும் அவ்வாறே செய்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியகலங்களை நிறுத்திவைக்குமாறு மக்களே வேண்டப்பட்டனர். மின்சாரம் இன்று நிலையத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டுக் கூரையிலிருந்து நிலையத்துக்குமாக இருவழியும் ஓடுகின்றது. மின்னை ஆக்குவோனாகவும் ஆகிவிட்ட குடிமகனை, வெறும் பட்டியல் செலுத்துவோனாக நடத்துவது இனிச் செல்லாது.

ஆதலின் நாம் கோரவேண்டியன நான்கு. தேவைக் கணிப்பு தோட்டத் தேவையோடு தமிழில் வெளியிடப்படல் வேண்டும். குறைந்தது மூன்று மாற்றிடங்கள், கிணறுகளும் நீர்மட்டமும் குறித்த வரைபடத்தோடு பிரதேச சபையில் வைக்கப்படல் வேண்டும். எண்ணெய்த் தொட்டி அமைத்த பின்னரே மின்மாற்றி இறக்கப்படல் வேண்டும். சுற்றுக் கிணறுகளின் நீர் நிலையம் அமையுமுன்னும், அமைந்தபின் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு, முடிவு ஊரறிய ஒட்டப்படல் வேண்டும். இவற்றை மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கும் இதில் கடமையுண்டு. நிலத்தடி நீரை ஆராயும் புவியியற்றுறை கலைப்பீடத்தில் இருக்கின்றது. பொறியியற்பீடமும் விவசாயபீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. நீர்வேலியின் கிணறுகளை அளந்து வரைபடமாக்க இவை மூன்றும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒன்றுகூட முடியாதா? அந்த வரைபடம் ஊராரின் கையில் இருக்குமாயின், நாளை எந்தக் காரியாலயமும் "உமக்கு இதில் என்ன வேலை?" என்று அவர்களைக் கேட்க முடியாது.