கட்டட வேலையில் அடிபட்டால் வக்கீல் வைக்க வேண்டுமா?

கேள்வி: "எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை பிடுங்கியதும் என் வீட்டுக்காரர் சென்னைப் பக்கம் கொத்தனார் வேலைக்குப் போய்விடுவார். வயது 40. நாள் கூலி 900 ரூபாய். 2024 நவம்பரில் ஒரு கம்பெனி கட்டும் அடுக்குமாடியில் சாரம் சரிந்து, இரண்டாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பிலும் வலது காலிலும் எலும்பு முறிவு. அரசு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். எட்டு மாதம் ஆகியும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. மேஸ்திரி 30,000 ரூபாய் தருகிறேன், 'இனி பாக்கி இல்லை' என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்த இன்னொருவர், வக்கீல் வைத்து வாங்கித் தருகிறேன், வருவதில் நூற்றுக்கு முப்பது கொடுங்கள் என்கிறார். வக்கீல் செலவுக்கு நிலத்தை ஒத்தி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். ஆடிப் பட்டமும் வந்துவிட்டது. என்ன செய்வது?"
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நிலத்தை ஒத்தி வைக்க வேண்டாம். முத்திரைத்தாளில் கையெழுத்தும் வேண்டாம். நூற்றுக்கு முப்பது பேசுகிறவரிடம் எந்தக் காகிதத்தையும் கொடுக்க வேண்டாம். இழப்பீடு கேட்கும் உரிமை இந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது. அதற்கு வேண்டிய வக்கீலைச் செலவில்லாமல் பெறவும் வழி இருக்கிறது.

யார் பொறுப்பு?

வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்றது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தினக்கூலி என்பதாலோ, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதாலோ உரிமை போய்விடாது. 'கவனமில்லாமல் ஏறியது அவர் தப்பு' என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. குடிபோதையால் நடந்த விபத்து, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியதால் நடந்த விபத்து போன்றவற்றுக்குத்தான் விலக்கு. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த விலக்கும் செல்லாது.

'மேஸ்திரியிடம் ஏது பணம்?' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டடம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி, வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும் தொழிலாளிக்கு அந்தக் கம்பெனியும் பொறுப்பு. ஆகவே மனுவில் மேஸ்திரி, ஒப்பந்தக்காரர், கம்பெனி மூவரையும் சேர்க்க வேண்டும். சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் வீடு கட்டும் இடத்தில் விபத்து நடந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே முதலில் கேட்க வேண்டியது வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரரை.

கூலியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். பிடித்தம் இருந்தால் இழப்பீடு ஈ.எஸ்.ஐ. வழியாகத்தான் வரும்.

எவ்வளவு கிடைக்கும்?

கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி மாதம் 15,000 ரூபாய் வரையே கணக்கில் எடுப்பார்கள். நிரந்தர முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். இதை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம்தான் போனது என்று முடிவானால், அதில் 30 சதவீதமான 4,97,259 ரூபாய் கிடைக்கும். மேஸ்திரி நீட்டும் 30,000 எங்கே, இது எங்கே! நூற்றுக்கு முப்பது கேட்பவருக்கு இதிலிருந்து போவது ஏறக்குறைய ஒன்றரை லட்சம்.

இதுதவிர, வேலைக்குப் போக முடியாத தற்காலிகக் காலத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் கால் பங்கு, அதாவது 3,750 ரூபாய் கேட்கலாம். பிறகு மொத்தத் தொகை வரும்போது இதைக் கழித்துக்கொள்வார்கள். சிகிச்சைக்குச் செலவான தொகையைத் தனியாகக் கேட்கலாம். முதலாளி சிகிச்சைக்குக் கொடுத்த பணத்தை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது. தர வேண்டிய இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

சதவீதம்தான் வழக்கின் உயிர். கால் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு. கொத்தனாராகச் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சர் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவர் இழப்பு முழு இழப்பே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கும் இந்த வாதத்தை எடுத்துவைக்கலாம். மருத்துவர் சான்றிதழ் வாங்கும்போதே, என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்ய முடியவில்லை என்பதைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும்.

முத்திரைத்தாள் செல்லுமா?

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் இந்தச் சட்டப்படி செல்லாது. தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களும் மனு செய்யலாம். ஆனாலும் அந்தத் தாளை வைத்து வழக்கை இழுத்தடிப்பார்கள். போடாமல் இருப்பதே நல்லது.

வக்கீலிடம் எப்படிப் பேசுவது?

ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கூலி பேச வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதி அதைத் தடுக்கிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதற்கும் தடை உண்டு. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் சதவீதம் பேசுகிறவரின் முதல் பேச்சே விதிக்கு விரோதம்.

முதலில் போக வேண்டிய இடம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வட்ட அளவிலும் இதன் குழுக்கள் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100.

சொந்தமாக வக்கீல் வைப்பதானால், பணியாளர் இழப்பீட்டு வழக்கு நடத்திப் பழகியவரா என்று கேட்க வேண்டும். மொத்தக் கூலி எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் ஆவணங்களுக்கு ரசீது கேட்க வேண்டும். வெற்றுத் தாளிலும் நிரப்பாத காசோலையிலும் கையெழுத்துப் போடக் கூடாது. இழப்பீட்டுத் தொகை தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

பயிர் இழப்பீட்டுக்கு அடங்கல் எப்படியோ, இந்த வழக்குக்கு ஏ.ஆர். நகல் அப்படி. முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல் அது. வேலை செய்யும் இடத்தில் விழுந்தார் என்று அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று அழைத்து வந்தவர் சொல்லியிருந்தால், அதை உடனே வக்கீலிடம் தெரிவிக்க வேண்டும். இதோடு டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., வயதுச் சான்று, கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், கூட வேலை செய்த இருவரின் பெயரும் செல்போன் எண்ணும், கம்பெனி பெயர்ப் பலகையின் படம் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். விபத்து பற்றி மூவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மனுவை விசாரிப்பவர் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள ஆணையர். சென்னையில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் பகுதிக்கு உரிய ஆணையரிடமே போடலாம். கெடு, விபத்து நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. இந்தக் குடும்பத்துக்கு 2026 நவம்பர் வரை. ஆனால் சாட்சிகள் வேறு ஊர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் விதைப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால், அந்த உதவிக்கும் தனியாக மனு செய்யலாம். அது வாரியம் தருவது. முதலாளி தர வேண்டியது வேறு.

கேள்வி: "நிலத்தில் டிராக்டர் ஓட்ட வரும் ஆளுக்கு அடிபட்டால், இதே சட்டம் விவசாயி மேலும் பாயுமா?"
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பாயும். டிராக்டர் உள்ளிட்ட இயந்திரங்களைக் கொண்டு செய்யும் சாகுபடியில் வேலை செய்பவர்களும் பணியாளர் இழப்பீட்டுக்கான பட்டியலில் இருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு வேலையும் உண்டு. டிராக்டரோடு ஆளையும் வாடகைக்கு அனுப்புகிறவர் என்றால், ஓட்டுநருக்கு வேலை கொடுத்தவர் அவர்தான். சொந்த டிராக்டருக்கு ஆள் வைத்திருப்பவர், ஓட்டுநருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் பார்க்க வேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்துக்கு ஆள் வைப்பவர்கள், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்துக்கொள்ளலாம். பெல்ட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் மூடி போட்ட பிறகே இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.