கடைக்கு லீவு, கள்ளனுக்கு வேலை!

பொங்கல் வந்தால் கடையை மூடுகிறோம். தீபாவளி வந்தால் மூடுகிறோம். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறோம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம்.

பூட்டு பலமாக இருந்தால் போதுமா?

போதாது என்று காட்டியது, லண்டன் நகரில் நடந்த ஒரு கொள்ளை. அங்கே பெட்டக அறையின் கதவைக் கொள்ளையர்கள் தொடவே இல்லை. சுவரைத் துளைத்தார்கள்!

100 மணி நேரம்

லண்டனில் "ஹாட்டன் கார்டன்" என்று ஒரு தெரு. தங்க, வைர வியாபாரிகளின் தெரு. அங்கே ஒரு கட்டிடத்தின் அடியில் பாதாள அறை. அதில் 999 பாதுகாப்புப் பெட்டிகள். வியாபாரிகள் அவற்றை வாடகைக்கு எடுத்து, தங்கள் சரக்கை வைத்துப் பூட்டுவார்கள்.

2015-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமையும் ஈஸ்டர் விடுமுறை. யூதர்களின் பாஸ்கா பண்டிகையும் அதே நாட்களில் வந்தது.

இரவு 8 மணிக்கு மேல் ஊழியர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். இனிச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் திறப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மணி நேரத்துக்கு மேல் அங்கே ஆள் வரமாட்டார்கள்!

கொள்ளையர்கள் அந்தக் கணக்கை முன்பே போட்டு வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் 60 வயதைத் தாண்டிய கிழவர்கள். தலைவன் பிரையன் ரீடருக்கு வயது 76. இலவச பஸ் பாசில் வந்து இறங்கிய ஆசாமி!

லிப்ட் இறங்கும் குழி வழியாகப் பாதாளத்துக்குப் போனார்கள். அரை மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவரை எந்திரத்தால் துளைத்தார்கள்.

மணி அடித்தது, ஆள் இறங்கவில்லை

அந்தக் கட்டிடத்தில் அபாய மணி இல்லையா? இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் அது வேலை செய்தது. போலீசுக்கும் தகவல் போயிற்று. ஆனால், "உடனே போக வேண்டியது இல்லை" என்று போலீசில் முடிவு செய்துவிட்டார்கள்! நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று பின்னால் லண்டன் போலீசே ஒப்புக்கொண்டது.

ஒரு காவலாளி மட்டும் வந்தார். வெளியே நின்று பார்த்தார். கதவு உடையவில்லை. திரும்பிப் போய்விட்டார். கொள்ளையர்களோ அவர் காலடியில், பாதாளத்தில் இருந்தார்கள்!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதல் இரவில் அவர்களுக்கு ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கிடைக்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரி அசையவில்லை. தள்ளும் கருவி பழுதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கையோடு வெளியேறினார்கள்.

அது சாதாரண வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால்? காலையில் ஊழியர்கள் வந்து ஓட்டையைப் பார்த்திருப்பார்கள். கதை அதோடு முடிந்திருக்கும். விடுமுறையானதால் யாரும் வரவில்லை. கொள்ளையர்கள் புதுக் கருவி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை இரவு மறுபடியும் வந்தார்கள். 73 பெட்டிகளைத் திறந்து, சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருள்களை அள்ளிச் சென்றார்கள்.

கொள்ளையர்கள் பிடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். ஆனாலும் பல வியாபாரிகளின் முதல் போயிற்று. சிலர் இன்சூரன்சும் செய்திருக்கவில்லை.

பூட்டும் சுவரும் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நேரம் இருந்தால் எந்தச் சுவரும் உடையும். விடுமுறை என்பது திருடனுக்கு நாம் கொடுக்கும் நேரம்!

பக்கத்து இடத்தின் லீவு

நம் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் சேலேம்பிராவில், ஒரு கிராமிய வங்கி மாடியில் இருந்தது. கீழே இருந்த ஓட்டலைச் சிலர் வாடகைக்கு எடுத்தார்கள். பழுதுபார்ப்பதாகச் சொல்லிக் கதவை மூடிக்கொண்டார்கள். இடிக்கும் சத்தம் கேட்டாலும் யாரும் சந்தேகப்படவில்லை. 2007 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. கீழ்க்கூரையைத் துளைத்து மேலே ஏறினார்கள். சுமார் 80 கிலோ தங்கமும் 50 லட்சம் ரூபாயும் போயிற்று. பின்னர் திருடர்கள் பிடிபட்டு, தங்கத்தில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. எத்தனை குடும்பங்கள் அடகு வைத்த தாலிக்கொடி அதில் இருந்திருக்கும்!

2019 அக்டோபர் 2-ந் தேதி அதிகாலையில் திருச்சி நகைக்கடைக் கொள்ளை நடந்தது. வாசலில் காவல் இருந்தது. திருடர்கள் வாசலுக்கு வரவே இல்லை. கடைக்குப் பின்னால் பள்ளிக்கூடம். அதற்கோ தேர்வு விடுமுறை. பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். முகமூடி போட்ட இருவர் உள்ளே புகுந்தார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகை போயிற்று.

உங்கள் கடை திறந்திருந்தாலும், பக்கத்து இடம் மூடியிருந்தால் உங்கள் சுவர் தனியாகத்தான் நிற்கிறது!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். விடுமுறைக்கு முன்னால் வங்கி திறந்திருக்கும்போதே பணத்தைக் கட்டிவிடுங்கள். கல்லாப்பெட்டியைக் காலி செய்து திறந்தே வைத்தாலும் நல்லது.

முன் ஷட்டரை மட்டும் பார்க்காதீர்கள். கடையைச் சுற்றி வாருங்கள். பின்சுவர், கூரை ஓடு, காற்றுப் போக்கி, கழிவறை ஜன்னல் எல்லாம் பாருங்கள். பக்கத்துக் கடை காலியாக இருந்தால், அதை யார் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கேமரா வைத்தவர்கள் அதன் பதிவுப் பெட்டியை மறைவாக வையுங்கள். லண்டன் கொள்ளையர்கள் பதிவுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் கண்ணில் படாத ஒரு கேமராதான் அவர்களைக் காட்டிக்கொடுக்க உதவியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ஓர் ஆள் வந்து போகட்டும். ஒருநாள் காலை, ஒருநாள் மாலை என்று நேரத்தை மாற்றி வரட்டும். தனியாக வேண்டாம், இரண்டு பேராக வரட்டும். வெளியே நின்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. திறந்து, விளக்கைப் போட்டு, நாலு சுவரையும் பார்க்க வேண்டும். சந்தேகம் தோன்றினால் உள்ளே நுழையாமல் போலீசைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து உள்ளே பார்க்கும்வரை நகரக்கூடாது.

ஒரு தெருவில் பத்துக் கடைக்காரர்கள் முறை போட்டுக்கொண்டால், ஒருவருக்கும் பண்டிகை கெடாது. பத்துக் கடைக்கும் காவல் கிடைக்கும். எத்தனை நாள் லீவு என்று போலீஸ் நிலையத்திலும் சொல்லி வையுங்கள்.

இரவுக் காவலாளிக்கு ஒரு நாற்காலியும் குறைந்த சம்பளமும் கொடுத்தால் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். நல்ல சம்பளம், ஒரு டார்ச், ஒரு போன், "மணிக்கு ஒருமுறை பின்பக்கம் போய் வா" என்ற வேலை, இவற்றைக் கொடுத்துப் பாருங்கள். கடையை அவர் காப்பார்.

பூட்டை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஊருக்குப் புறப்படும் முன், "நாளைக்கு யார் வந்து பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்.