மோட்டாரில் போகிறவருக்கு எந்தக் கேமரா?

வானொலியில் பயணம் என்று வாயெடுத்தால் போதும், புலனத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வந்து விழும். “அண்ணா, மோட்டார்ல கேமரன் மலை போறோம். சின்னதா, கெட்டியா ஒரு கேமரா சொல்லுங்க.” கேட்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகள். கையில் போனஸ் பணம் இருக்கும். எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம் என்று பட்டியலும் வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “அதை எங்கே வைக்கப் போறீங்க தம்பி?”

விளையாட்டுக்காகக் கேட்பதில்லை. பின்பெட்டியில் துணிகளுக்கு அடியில் கேமரா இருந்தால், வண்டியை ஓரங்கட்டி, கையுறையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, தேடி எடுக்க வேண்டும். மூன்று தடவை செய்வோம். நான்காவது இடத்தில் “திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்” என்று போய்விடுவோம். திரும்பி வரும்போது மழை பெய்யும். மோட்டாரில் போகிறவருக்கு நல்ல கேமரா என்பது, நிறுத்திய பத்து விநாடிக்குள் கைக்கு வருவது. மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் அம்மா பிறந்தது காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில். அந்த லயம், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, மரத்தடி முனியாண்டி கோயில் எதற்கும் எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இருப்பது கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில், வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்த குடும்பப் படம் மட்டும். தோட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால் அம்மா காற்றில் விரலால் வரைந்து காட்டுவார். இன்று அந்த இடத்தில் கிடங்குகள் நிற்கின்றன.

நமக்கு இது புதிய கதை இல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் கடக்கிற ஷா ஆலாம் நகரமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற தோட்டம்தான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் குடும்பங்கள் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை நம் தலைமுறை பார்த்திருக்கவே இடிபட்டது. காரில் போகிறவர் இப்படிப்பட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடுவார். தோட்டத்து மண் பாதைக்குள் நுழைந்து, கோயில் வாசலில் நிறுத்தி, அங்கிருக்கும் பாட்டியிடம் பேச மோட்டார்தான் வசதி. அதனால் மோட்டாரில் போகிறவர் கையில் ஒரு கேமரா இருப்பது நல்லது.

“கைப்பேசி போதாதா?” என்பது அடுத்த கேள்வி. பல சமயம் போதும். ஆனால் அதை வழிகாட்டிக்காக ஹேண்டில் பாரில் மாட்டியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பெரிய மோட்டார் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில் வழியாக நீண்ட நேரம் ஏறினால், ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பும் ஃபோகஸ் அமைப்பும் கெடலாம் என்றது. ஸ்கூட்டர், மொபெட் போன்ற சிறிய வண்டிகளில் மாட்டுவதானால்கூட அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்தச் சொன்னது. காரணம் எளிது. அந்த லென்ஸ் காந்தத்தின் உதவியால் மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்து அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்கிறது. அவ்வளவு நுட்பமான பாகத்தை மணிக்கணக்கில் உலுக்கினால் தாங்காது. போதாததற்கு வழி காட்டவும், அவசரத்துக்கு அழைக்கவும், பணம் செலுத்தவும் அதே கைப்பேசிதான். மழையில் அதை அடிக்கடி வெளியே எடுப்பது நமக்கே ஆபத்து.

சரி, தனிக் கேமரா என்று முடிவாகிவிட்டால் எதிரிகளைப் பார்ப்போம். நம் நாட்டில் அவை நான்கு: அதிர்வு, மழை, தூசி, பூஞ்சை.

மழைக்கும் அடிக்கும் அஞ்சாதது என்றால் ஓஎம் சிஸ்டம் டிஜி-7. ஒலிம்பஸ் பெயரில் வந்த டிஜி-6-இன் தம்பி, 2023-இல் வந்தது. 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியையும் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. எடை 249 கிராம். ஜூம் செய்தாலும் லென்ஸ் வெளியே நீளாது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நீண்டு சுருங்கும் லென்ஸ் உள்ள கேமராவில் செம்மண் தூசி அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகும்.

இதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சிறியது, சுமார் 28 சதுர மில்லிமீட்டர். இன்றைய நல்ல கைப்பேசிகள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் படம் நன்றாக வரும். கருவறை விளக்கொளியிலும், பத்துமலையில் விடியற்காலை இருட்டிலும் திணறும். இந்தக் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் உறுதிக்கான விலை என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

படத்தின் தரம்தான் முக்கியம் என்பவருக்கு 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் III. ஏறக்குறைய அதே எடை, 257 கிராம். சென்சாரோ பதின்மூன்று மடங்கு பெரியது. சட்டைப் பையில் அடங்கும், ஒரு விநாடிக்குள் விழித்துக்கொள்ளும். ஆனால் ஜூம் கிடையாது. மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்பு கிடையாது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டிஜி-7-ஐவிட நான்கு மடங்கு பெரிய சென்சார், கூடவே ஜூம். அதன் லென்ஸும் வெளியே நீளும், தண்ணீரும் ஆகாது. கோப்ரோ போன்றவை ஓடும் வண்டியிலிருந்து காணொளி எடுக்க நல்லவை. பாட்டியின் முகத்தைப் படமெடுக்க அந்த அகலக் கண் பொருந்தாது.

ஆகவே நீங்களே முடிவு செய்யலாம். மழையிலும் ஆற்றங்கரையிலும் தோட்டத்துச் சேற்றிலும் திரிகிறவரா? டிஜி-7. கோயில், கடைத்தெரு, இரவுச் சந்தை, மனிதர்கள் என்று எடுக்கிறவரா? ஜிஆர் அல்லது ஆர்எக்ஸ், கூடவே இரண்டு ஜிப் பைகள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கையுறையையும் ஜாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, ஜாக்கெட் பையில் போட்டு ஜிப் மூடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். பழைய கேமரா வாங்கினால், துளையை மிகச் சிறியதாக்கி ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க முடியாது. பழைய நீர்புகாக் கேமரா என்றால் தண்ணீரில் முக்க வேண்டாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்துக்கு வயதாகியிருக்கும்.

வாங்கிய பிறகு அதன் இடம் பின்பெட்டியும் இல்லை, இருக்கைக்கு அடியும் இல்லை. இருக்கைக்கு அடியில் எஞ்சின் சூடு, பெட்டியில் அதிர்வு. உடம்போடு இருந்தால் நம் சதையே அதிர்வை வாங்கிக்கொள்ளும். இடுப்புப் பையில், வயிற்றுக்கு ஒரு பக்கமாக வைப்பது நல்லது. முதுகுத்தண்டின் மேலோ நெஞ்சின் மேலோ வேண்டாம். விழுந்தால் கேமராவே நம்மைக் காயப்படுத்தும். கழுத்தில் தொங்கவிட்டு ஓட்டவே கூடாது.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை மூடிய ஜிப் பையிலேயே சிறிது நேரம் விடுங்கள். வெளிச் சூட்டுக்கு அது பழகாமல் எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் சும்மா கிடக்கும் கேமராவுக்குத்தான் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு முறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே நல்ல வைத்தியம்.

முதல் பயணத்துக்குக் கேமரன் மலை வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு, மோட்டார் பாதை வழியாகவே கிள்ளான் போங்கள். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாதையின் வளைவிலும் பாலத்துக்கு அடியிலும் படத்துக்காக நிறுத்த வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தெரியாது. தெங்கு கிளானா சாலையில் நிறுத்தி, பூமாலை கட்டுகிறவரிடம் அனுமதி கேட்டு எடுங்கள். பிறகு உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டம் எந்தப் பக்கம் என்று வீட்டில் கேட்டு, அங்கே போங்கள். கோயிலோ, பள்ளிக்கூடமோ, ஒற்றைத் தென்னையோ, எது மிச்சமிருக்கிறதோ அதை எடுங்கள்.

எடுத்ததில் பத்துப் படங்களையாவது கடையில் பிரதி போடுங்கள். பின்னால் இடம், ஆள், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். எழுத விட்டுப்போன பெயர்களை அவர் சொல்வார்.

தலைக்கவசத்தை இறுக்கிக் கட்டி, பத்திரமாகப் போய் வாருங்கள்.