ஆயா அவிழ்த்த மடி

நவம்பர் பிறக்கும்போது வில்லியனூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். மழை விட்ட நேரம் பார்த்துப் புல் செதுக்குவார்கள், சிலுவைக்கு வெள்ளை அடிப்பார்கள், சாமந்தி மாலைக்குச் சொல்லி வைப்பார்கள். ஒன்றாம் தேதி சகல புனிதர்கள் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு விடுதலை நாளும் அந்த ஒன்றாம் தேதிதான்.

1947 ஆகஸ்ட் 15 அன்று கடலூரில் மூவர்ணக் கொடி ஏறியது. பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், பாகூரில், பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. எல்லையாவது ஒரே கோடாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் சென்னை மாகாணம், அடுத்த களத்துமேட்டைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு மண். மகள் வீட்டுக்கென்று மடியில் கட்டிக் கொண்டுபோன ஒரு படி அரிசியைச் சுங்கச் சாவடியில் அவிழ்த்துக் கொட்டச் சொன்னதை எங்கள் ஆயா கடைசிவரை மறக்கவில்லை.

அந்தச் சாவடிகளுக்கு முடிவு கட்டிய வாக்கெடுப்பு நடந்தது எங்கள் வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில். 1954 அக்டோபர் 18. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, நிர்வாகம் கைமாறியது. இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பொறுப்பேற்றார்.

அன்றைக்குத்தான் கடல்களுக்கு அப்பால் அல்ஜீரியாவில் குண்டுகள் வெடித்தன. அதே பிரான்சை எதிர்த்து, அதே சகல புனிதர்கள் திருநாளின் நள்ளிரவில், தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கியது. ஒரே அரசு, ஒரே நாள். இங்கே கையெழுத்தில் முடிந்தது, அங்கே ஏழரை ஆண்டு ரத்தம் சிந்த வைத்தது. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்று அன்று முதல் சொல்லிவருகிறேன்.

தேதி ஒற்றுமையோடு இது நிற்கவும் இல்லை. புதுச்சேரியை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே மாதமே கையெழுத்தானது. ஆனால், அல்ஜீரியப் போர் முடிகிறவரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று எங்கள் ஆவணங்கள் கைமாறின. அதனால்தான் கீழூரில் ஆகஸ்ட் 16-க்கும் கொடி ஏற்றுகிறார்கள். நவம்பர் 1 அரசு விழாவானது 2014-இல்தான். அறுபது ஆண்டு தாமதம், எனக்கு அது பெரிய வருத்தம்.

 

ஆயா சொன்னது இது. இணைப்புக்குப் பிறகு முதல்முறையாக மகள் வீட்டுக்குப் போகிறார். மடியில் அரிசி. சாவடியில் ஆளே இல்லை, கழி மட்டும் ஓரமாகக் கிடக்கிறது. ஆனாலும் பழக்கத்தில் கால் நின்றுவிட்டதாம். முடிச்சை அவிழ்த்து மடியை விரித்துப் பிடித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தாராம்.