திருப்தி யாருக்கு?

மாணவர்களுக்குத் திருப்தியா என்று கல்லூரிகள் கேட்கின்றன. 'நாக்' குழு 2017-ல் புகுத்திய மதிப்பீட்டு முறையில் இதுவும் ஓர் அங்கம். கேட்கட்டும், நல்லதே. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் வகுப்பறையைச் சுற்றியே நிற்கின்றன. மனம் நொந்தவனுக்கு உதவி கிடைத்ததா? ஆலோசனை அறையின் படியேற அஞ்சித் திரும்பியவன் எந்தக் கணக்கில் வருவான்?

வாலாஜாபாத்தின் நெசவாளி வீட்டுப் பிள்ளை செங்கல்பட்டுக்கோ காஞ்சிக்கோ ரயிலேறிப் படிக்கப் போகிறான். வீட்டில் தறிக் கடன்; கல்லூரியில் கட்டண பாக்கி. வருகைப் பதிவெடுக்கும் வாத்தியாரையே பெயரளவுக்கு ஆலோசகராக்கினால் அவரிடம் வாய் திறப்பானா? சொன்னது நிர்வாகத்தின் காதுக்குப் போகாதென்று யார் உத்தரவாதம்?

2022-ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையில் மாண்டனர் என்கிறது சர்க்காரின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இதைக் கோழை மனங்களின் கதையென்று தட்டிக்கழிப்பது அயோக்கியத்தனம்!

100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டுமென்று 2025 ஜூலை 25-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் தூங்கலாகாது.

நாம் கோருவது இவை: நிரந்தரச் சம்பளத்தில் ஆலோசகர், ரகசியம் காக்க எழுத்து மூலம் உறுதி, கட்டண பாக்கிக்காக மாணவரை அவமதிப்பதற்கு முடிவு, கணக்கெடுப்பின் முடிவுகள் மாணவர் மன்றத்தின் முன் பகிரங்கமாக வைக்கப்படல்.

தம்பி தங்கைகளே! துயரம் தாளாவிட்டால் அதுவரை காத்திராதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் பேசலாம். உரிமைக்கோ, ஒன்றுபட்டுக் குரல் கொடுங்கள்!