சரி வேறு, உரிமை வேறு

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவனும் அறிந்த சொல் ‘ரைட்’ என்பது. நடத்துநர் ‘ரைட்’ என்றால் பேருந்து புறப்படுகிறது. ஆசிரியர் ‘ரைட்’ என்றால் விடை சரியாக இருக்கிறது. மாணவர் படைப் பயிற்சியில் அச்சொல் வலப்புறம் திரும்பச் சொல்கிறது. நீதிமன்றத்திலோ அதுவே உரிமை எனப் பொருள்படுகிறது. ஒலி ஒன்று, பொருள் பல. மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர்கள் இத்தகைய சொற்களிடத்தே மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை வலியுறுத்தவே இச்சிறு கட்டுரையை எழுதுகிறோம்.

இச்சொல்லின் பழம்பொருள் ‘நேரானது’ என்பதாகும். நேரானதே சரியானது எனக் கொள்ளப்பட்டது. முறைப்படி ஒருவருக்குச் சேர வேண்டியது உரிமை ஆயிற்று. பெரும்பாலோர்க்குத் திறன் மிக்கதாய் அமையும் கையும் அப்பெயரையே பெற்றது. நம் தமிழிலும் இப்போக்கு உண்டு. ‘நேர்’ என்பதிலிருந்து ‘நேர்மை’ பிறந்தது. கோணாத கோல் செங்கோலாகி நல்லாட்சியைக் குறித்தது. ‘வலம்’ என்னும் சொல் வலப்பக்கத்தை மட்டுமன்றி வலிமையையும் வெற்றியையும் சுட்டிற்று. ஆயினும் தமிழ், வலம், சரி, உரிமை என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சொல்லை வைத்துக்கொண்டது.

இந்தோனேசிய மொழியும் அவ்வாறே செய்திருக்கிறது. 1928ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அந்நாட்டு இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில் ஒற்றுமையின் மொழியாக அறிவிக்கப்பட்ட அம்மொழி, மலாய் மொழியை அடிப்படையாகக் கொண்டது. கடல் வாணிகத்தின் வழியே நம் ‘கப்பல்’ அங்கே ‘காப்பால்’ ஆகவும், ‘பெட்டி’ ‘பெத்தி’ ஆகவும், ‘கடை’ ‘கெடை’ ஆகவும் வழங்குவதை எண்ணினால், அது நமக்கு முற்றிலும் அயன்மொழி அன்று என்பது விளங்கும்.

அம்மொழியில் வலப்பக்கம் ‘கானான்’. சரியானது, உண்மையானது ‘பெனார்’. இடத்திற்கும் வேளைக்கும் பொருத்தமானது ‘தெபாட்’. ‘இப்பொழுதே’ என்பதற்கு ‘செகாராங் ஜுகா’ என்பர். கணக்கியலில் நாம் செங்கோணம் என்பதை அவர்கள் ‘சுடுட் சிகு-சிகு’ என்பர்; ‘சிகு’ என்றால் முழங்கை. மடித்த முழங்கையிலேயே கோணத்தைக் கண்ட மக்களின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. உரிமைக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘ஹக்’.

‘ஹக்’ அரபுச் சொல் என்பதை நம் இல்லங்களில் எவரும் அறிவர். மனித உரிமையை அவர்கள் ‘ஹக் அசாசி மனுசியா’ என்கின்றனர். உரிமை அரபு தந்தது, அடிப்படை என்னும் பொருளுடைய ‘அசாசி’யும் அரபு வழி வந்தது, மனிதனைக் குறிக்கும் சொல்லோ வடமொழி தந்தது. பதிப்புரிமை ‘ஹக் சிப்தா’. வாக்குரிமை ‘ஹக் பிலிஹ்’. உரிமைக்கு இணையாக வைத்துப் பேசப்படும் கடமை ‘கெவாஜிபான்’. அதனுள்ளே ‘வாஜிப்’ நிற்பதைக் காணாதவர் நம்முள் இரார்.

இனி, நாம் சொல்ல வந்த கருத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘நீர் சொல்வது சரி’ என்பதும் ‘உமக்கு உரிமை உண்டு’ என்பதும் ஒரே சொல்லைக் கொண்டு அமைகின்றன. இந்தோனேசியரோ முன்னதை ‘அன்டா பெனார்’ என்றும், பின்னதை ‘அன்டா பெர்ஹக்’ என்றும் பிரித்தே கூறுவர். இப்பிரிவு வெறும் இலக்கணச் செய்தி அன்று. வாழ்க்கைக்கு வேண்டிய தெளிவு.

பேசுவதற்கு நமக்கு உரிமை உண்டு. அதனால் பேசியதெல்லாம் சரியாகிவிடுமா? பூர்விக வீடு சட்டப்படி நம் பெயரில் இருக்கலாம். ஆதரவற்ற உடன்பிறந்தாளை அதிலிருந்து வெளியேற்றுவது சரியாகுமா? இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் கருத்துத் தவறானது என்பதற்காகவே அவருடைய பேச்சுரிமையைப் பறித்தலும் முறையன்று. உரிமையைச் சரியென்று மயங்குபவர் இரக்கத்தை இழப்பர். சரியை உரிமையென்று மயங்குபவர் பொறுமையை இழப்பர். குடும்பத்திலும் ஊரிலும் எழும் பூசல்கள் பல இம்மயக்கத்தில் பிறப்பவையே.

சொல் வேறாக இருப்பதனாலேயே மனிதர் தெளிவு பெற்றுவிடுவர் என நாம் கூறவில்லை. அரபு மொழியில் ‘ஹக்’ என்பது உண்மையையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். அதோடு, பிறருக்கு நாம் செலுத்த வேண்டியதையும் அது உணர்த்தும். அயலாரின் ஹக், ஏழையின் ஹக் என்று நம் பெரியோர் பேசும்போது, பெறுவதைவிடக் கொடுப்பதே அங்கு முன் நிற்கிறது. இந்தோனேசிய அரசியலமைப்பில் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட மனித உரிமை இயலும், பிறருடைய உரிமையை மதிக்கும் கடமையைக் கூறும் விதியோடுதான் முடிவடைகிறது.

எந்த மொழியும் இவ்வகைச் சிக்கலுக்கு முழு விலக்கு அன்று. அதே இந்தோனேசியாவில் செருப்புக் கடைக்குச் சென்று ‘ஹக்’ என்றால், கடைக்காரர் உரிமையைப் பற்றி எண்ணமாட்டார். குதிகால் உயர்ந்த காலணியை எடுத்து வைப்பார். டச்சு மொழியிலிருந்து வந்த அந்த ‘ஹக்’ குதிகாலைக் குறிப்பது!

ஆகவே மாணவச் செல்வங்களே, அகராதியைத் திறந்தவுடன் கண்ணில் படும் முதற்பொருளை எடுத்து வைத்துவிடாதீர்கள். இன்று கைபேசி நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறது. அது தந்ததையும் வாக்கியத்தோடு பொருத்திப் பாருங்கள். யார், யாரிடம், எதைக் குறித்துச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். சொல்லைப் பிறகு தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்புக்குச் சொன்ன இவ்விதி வாழ்க்கைக்கும் பொருந்தும். ‘எனக்கு உரிமை உண்டு’ என்று வாய் திறக்குமுன், ‘இது சரிதானா’ என்று உள்ளத்தை ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.